ரம்பம் தின்ற கணக்கு

டிசம்பர் தண்ணீர் வடிந்த பிறகு
ஆறாம் வகுப்பு பி செக்‌ஷன் சுவரில்
ஒரு பழுப்புக் கோடு மிச்சமிருந்தது.
தரையிலிருந்து எழுபத்தொரு சென்டிமீட்டர்.
அதற்குக் கீழே இருந்த புத்தகங்கள்
டீயில் ஊறிய பன் மாதிரி உப்பிக் கிடந்தன.
பீரோ கேட்டேன்.
அடுத்த நிதியாண்டு என்றார் ஹெச்.எம்.
மழைக்கு நிதியாண்டு கிடையாது.

வால்டாக்ஸ் ரோட்டில் பேரம் பேசி வாங்கிய,
துறைமுகத்துப் பெட்டி உடைத்த பைன் பலகைகள்
ஆட்டோவில் தலையை நீட்டிக்கொண்டு
கொருக்குப்பேட்டை கேட்டில் நாற்பது நிமிடம் நின்று
வந்து சேர்ந்தன.
எந்த நாட்டு எழுத்தோ முதுகில் கருகியிருந்தது.
கிளாட்வின் எழுத்துக்கூட்டிப் பார்த்து
"இங்கிலீஷே இல்ல மிஸ்" என்று நிம்மதியானான்.

எனக்கு ரம்பம் பிடிக்கத் தெரியாது.
பி.எட்.டில் அந்தப் பாடமில்லை.
முதல் இழுப்பில் பலகை துள்ளியது,
இரண்டாவதில் என் கட்டைவிரல் நகம்.
சர்வேஷும் மோனிகாவும் ஆளுக்கொரு முனையில்
ஏறி உட்கார்ந்த பிறகுதான் மரம் அடங்கியது.

கரும்பலகையில் எழுதியிருந்தேன்:
இருநூற்று நாற்பது வகுத்தல் நான்கு.
அறுபது. மீதி பூஜ்ஜியம்.
அந்தப் பூஜ்ஜியத்தைப் பத்து வருடமாக
வட்டம் பிசகாமல் போட்டுவருகிறேன்.

எத்தனை வெட்டு?
நாலு, என்றது வகுப்பு முழுக்க.
மூன்று முடிந்ததும்
நாலாவது வெட்டுக்கு இடம் தேடி
என் கையில் நின்றது ரம்பம்.

அளந்தோம்.
அறுபது, அறுபது, அறுபது,
ஐம்பத்தொன்பது புள்ளி நான்கு.

"இன்னா மிஸ், யாரு துண்ணது?"
டேப்பைச் சந்தேகித்தோம். பென்சிலைச் சந்தேகித்தோம்.
கடைசியாக வெட்டிய சர்வேஷை
கொஞ்ச நேரம், நான் உட்பட, எல்லோருமே.
நிலோஃபர் மட்டும் குனிந்து
தரையில் கிடந்த தூளை அட்டையால் கூட்டி
தீப்பெட்டியில் அடைத்து
மேசைமேல் வைத்தாள்.
"இங்க கீது."

ரம்பம் போன தடம் இரண்டு மில்லிமீட்டர்.
மூன்று தடம், ஆறு.

பிறகு அவள் சொன்னாள்,
யாருக்கும் சொல்வதாக இல்லாமல்,
ஆணி பொறுக்கிக்கொண்டே:
"எங்க வூட்ட வாப்பாக்கும் சாச்சாக்கும் பிரிச்சாங்க.
பதினெட்டு அடி. ஆளுக்கு ஒம்போதுன்னு பேப்பர்ல கீது.
நடுவுல செவுரு முக்கா அடி.
அத யாரும் கழிக்கல.
எங்க பக்கத்துலதான் கட்னாங்க.
கட்டிலு அப்பலேர்ந்து வெளியதான்."

ஜன்னலுக்கு வெளியே ஒரு கூட்ஸ் வண்டி
போய்க்கொண்டே இருந்தது.
டேங்கர்களை எண்ணினேன்.
முப்பத்தெட்டோடு விட்டுவிட்டேன்.

கீழ்த்தட்டு எந்த உயரத்தில்?
கோட்டுக்கு மேல ஒரு சாண் என்றாள் மோனிகா.
யாருடைய சாண் என்று சண்டை வந்தது.
கிளாட்வின் எழுந்துபோய்ச் சுவரோரம் நின்றான்.
"எங்க வூட்ல தோள் வரிக்கும் வந்துச்சி மிஸ்."
அப்போதைய தோளா, இப்போதைய தோளா?
அவன் யோசித்தான்.
முட்டியைக் கொஞ்சமாய் மடக்கி
தண்ணீர் வந்த அன்றைய உயரத்துக்கு இறங்கினான்.
அங்கே பென்சில் கோடு போட்டோம்.

குட்டைப் பலகையை மேல்தட்டுக்கு ஏற்றினோம்.
விட்டுப்போன இடுக்கில்
தீப்பெட்டித் தூளை ஃபெவிகாலில் குழைத்து
மோனிகா அடைத்தாள்.
காய்ந்த பின் கண்ணுக்குத் தெரியவில்லை.
விரலுக்குத் தெரியும்.

பருவத் தேர்வில் அதே கேள்வி வந்தது.
வினாத்தாள் என்னுடையதல்ல, மேலிடத்தினுடையது.
240 செ.மீ. பலகை, நான்கு சம துண்டுகள்,
ஒரு துண்டின் நீளம் என்ன?
விடைக்குறிப்பு: 60.
முப்பத்தொரு பேர் 60 எழுதினார்கள்.
சர்வேஷ் எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருந்தான்.

நிலோஃபர் தாளில்
விடைக்கு முன்னால் ஒரு கேள்வி:
பேனாவாலயா, ரம்பத்தாலயா?
பேனான்னா 60.
ரம்பம்னா 59.85.
அதற்கும் கீழே, சின்ன எழுத்தில்:
செவுருன்னா
யாரு பக்கம் கட்றாங்கன்னு சொல்லணும்.

சிவப்புப் பேனாவின் மூடியைக் கடித்தபடி
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
ஒரு மதிப்பெண் கேள்வி அது.